காதுக்குள் யார் பார்த்தார்கள்?

மருந்துக்கடையில் போய் ‘காதுல சீழ் வடியுது, சொட்டு மருந்து குடுங்க’ என்று கேட்டால், அரை நிமிடத்தில் ஒரு சின்னக் குப்பி கைக்கு வந்துவிடும். எத்தனை நாளாக வடிகிறது, நாற்றம் அடிக்கிறதா, தலை சுற்றுகிறதா, முகம் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கேட்பவர் இல்லை. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பல கிளினிக்குகளிலும் இதுவே நடக்கிறது. நோயாளி ‘காது’ என்று சொல்லி முடிப்பதற்குள் சீட்டில் மருந்தின் பெயர் எழுதப்பட்டுவிடுகிறது. மூக்கடைப்புக்கும் குரல் கம்மலுக்கும் கழுத்துக் கட்டிக்கும் இதே கதிதான்.

காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தில் நீண்ட காலமாக இருப்பவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தத் துறையில் நம் மக்கள் இழக்கும் கேள்வித்திறனிலும் குரலிலும் உயிரிலும் பெரும்பகுதி, மருந்து கிடைக்காததால் போவதில்லை. அறுவை சிகிச்சை செய்ய ஆள் இல்லாததாலும் போவதில்லை. தொடக்கத்தில் யாரும் உள்ளே பார்க்காததால் போகிறது. வெளிச்சமும் ஒரு சிறு குழலும் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடக்கூடிய நோயை, பார்க்காமலே மாதக்கணக்கில் மருந்து கொடுத்து வளர்த்துவிடுகிறோம்.

காது அடைப்பு என்ற ஒரே புகாரை எடுத்துக்கொள்வோம். குறும்பி சேர்ந்து இறுகியிருந்தாலும் காது அடைக்கும். காளான் படர்ந்தாலும் அடைக்கும். சளிப் பிடித்து செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்தாலும் அடைக்கும். செவிப்பறை ஓட்டையாகியிருக்கலாம். காது நரம்பே திடீரென்று செயலிழந்திருக்கலாம். நோயாளிக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஆனால் ஒன்றுக்கு உதவும் மருந்து இன்னொன்றுக்குக் கேடு. எண்ணெய்க் குளியல் நாளில் காதிலும் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த ஈரப்பிசுக்கு காளானுக்கு நல்ல விளைநிலம். உள்ளே பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்ததுபோல வெள்ளையும் சாம்பலுமாக, நடுவே கரும்புள்ளிகளோடு தெரியும். அந்தக் காதில் ஆன்டிபயாடிக் சொட்டு விட்டால், காளானுக்குப் போட்டியாக இருக்கும் பாக்டீரியாக்கள் செத்து, காளான் இன்னும் செழிக்கும். உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்துவிட்டுக் காளானுக்கான மருந்தை விட வேண்டும். இதைப் பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்?

பார்ப்பது கடினமான வித்தையும் அல்ல. குழந்தையை அம்மாவின் மடியில் பக்கவாட்டில் உட்கார வைக்க வேண்டும். அம்மா ஒரு கையால் குழந்தையின் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும், இன்னொரு கையால் அதன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குக் காது மடலை மேலே பின்னோக்கி இழுக்கிறோம். குழந்தைக்குக் கீழே பின்னோக்கி இழுக்க வேண்டும். அப்போது வளைந்த துவாரம் நேராகும். ஓட்டோஸ்கோப்பின் முனையை மெதுவாக நுழைத்தால் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில், முத்தின் சாம்பல் நிறத்தில், லேசாக ஒளி ஊடுருவும் செவிப்பறை தெரியும். அதன் நடுவே சுத்தி எலும்பின் கைப்பிடி இறங்கி நிற்கும். அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு முக்கோண ஒளிக்கீற்று விழும்; வலது காதில் கடிகாரத்தின் ஐந்து மணித் திசையில், இடது காதில் ஏழு மணித் திசையில். இந்தக் கீற்று மங்கினாலோ, பறை சிவந்து புடைத்தாலோ, அம்பர் நிறத்தில் நீர் தேங்கினாலோ, ஓட்டை இருந்தாலோ, பழகிய கண்ணுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். குழந்தை அழுது முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

சீழ் வடியும் காதிலும் இரண்டு வகை உண்டு. செவிப்பறையின் நடுவில் ஓட்டை விழுந்து, சளிப் பிடிக்கும்போதெல்லாம் நாற்றமில்லாமல் ஏராளமாக வடிவது ஒரு வகை. சிறு குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால், மூக்குச் சளி எளிதாக மேலேறிவிடும். இந்தக் காதில் தண்ணீர் புகாமல் காத்து, சளியைக் கவனித்து, காது காய்ந்ததும் காதுக்கு மேலே இருக்கும் தசையின் மெல்லிய உறையை எடுத்து ஓட்டையை ஒட்டிவிடலாம். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வாடிக்கையாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சை இது.

இன்னொரு வகை கொலஸ்டியடோமா. தோல் வளரக் கூடாத நடுக்காதில் தோல் வளர்ந்து, உரிந்து, சேர்ந்து, சுற்றியிருக்கும் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். வடிவது சொற்பம்தான், ஆனால் அழுகிய நாற்றம் அடிக்கும். பல ஆண்டுகளுக்கு வலியே இருக்காது. வலி, தலைச்சுற்றல், தலைவலி என்று தொடங்கினால் அது எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். கேட்கும் எலும்புகளை முதலில் தின்னும். அடுத்து முக நரம்பு ஓடும் பாதை. காதுக்கும் மூளைக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புத் தகடு. அதுவும் அரிக்கப்பட்டால் மூளை உறை அழற்சி, மூளையில் சீழ்க்கட்டி. சொட்டு மருந்தால் இது ஒருபோதும் குணமாகாது. அறுவை சிகிச்சை ஒன்றே வழி.

பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவனை, வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கண் மூடாத நிலையில் அழைத்துவந்தார்கள். பால்வாடி போகும் வயதிலிருந்தே காது வடிந்திருக்கிறது. “சளி புடிச்சா வரும் சார், மருந்து போட்டா நின்னுடும்னு விட்டுட்டோம்” என்றார் அம்மா. “யாராவது லைட் போட்டுப் பாத்தாங்களாம்மா?” என்று கேட்டேன். “பாக்கலையே சார். சொன்னதும் எழுதிக் குடுத்தாங்க.” அறுவை சிகிச்சைக்குப் பிறகு முகம் பெருமளவு சரியானது. அந்தக் காதின் கேள்வித்திறன் திரும்பவில்லை. அந்த அம்மா அலட்சியமானவர் அல்லர். ஒவ்வொரு முறையும் கூலி வேலையை விட்டுவிட்டு மகனை யாரிடமாவது காட்டியிருக்கிறார். காட்டிய இடங்களில்தான் யாரும் பார்க்கவில்லை.

காது அடைப்பிலும் இதே கதைதான். காலையில் எழும்போது ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துக்கொண்டதுபோல இருக்கிறது, உள்ளே ‘ங்ஙொய்’ என்று ஓர் இரைச்சல். குறும்பி என்று நினைத்துக் கரைக்கும் சொட்டு தருகிறார்கள், அல்லது சளி என்று மாத்திரை. இரண்டு மூன்று வாரம் கழித்து எங்களிடம் வருகிறார்கள். பலருக்கு அது காது நரம்பின் திடீர்ச் செயலிழப்பு. மாரடைப்பைப்போல அவசரமாகப் பார்க்க வேண்டிய ஒன்று. முதல் இரண்டு வாரங்களுக்குள், அதிலும் முதல் சில நாட்களிலேயே ஸ்டீராய்டு தொடங்கினால் கேள்வி திரும்ப வாய்ப்பு உண்டு. நாள் போகப்போக அந்த வாய்ப்பு சுருங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. 512 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒரு ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தால் போதும். அடைப்பினால் வந்த செவிட்டுத்தன்மை என்றால் ஓசை அடைத்த காதில் உரக்கக் கேட்கும். நரம்பு பாதித்திருந்தால் நல்ல காதில் கேட்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மருத்துவ மாணவர்கள் படிக்கும் சோதனை இது. படித்துத் தேர்வு எழுதியவர்களின் மேசையில் அந்த ஃபோர்க் இருக்கிறதா என்பதே கேள்வி.

குழந்தைகள் விஷயத்தில் நாம் இழப்பது இன்னும் பெரிது. காது கேளாமல் பிறக்கும் குழந்தை பார்ப்பதற்கு எல்லாக் குழந்தைகளையும்போலவே இருக்கும். சிரிக்கும், குப்புற விழும், முகம் பார்க்கும். ஒன்றரை வயதாகியும் ‘அம்மா’ என்று சொல்லாதபோது, ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்று பாட்டி சொல்வார். மூன்று வயது வந்துவிடும். மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் மிகச் சிறந்த காலம் அதற்குள் பாதி போய்விடுகிறது. உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு எளிமையானது: பிறந்த 1 மாதத்துக்குள் கேள்விச் சோதனை, 3 மாதத்துக்குள் நோய் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம். தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து உட்காதின் எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.இ. சோதனைக்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் தேறாத குழந்தைக்கு நரம்பின் வழியை மூளைத்தண்டு வரை அளக்கும் பெரா சோதனை.

இதில் தமிழ்நாடு பெருமைப்படவும் இடமுண்டு. பல லட்சம் ரூபாய் ஆகும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையை, ஆறு வயதுக்கு உட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்யும் மாநிலம் இது. 2006இல் பத்மஸ்ரீ பெற்ற மருத்துவர் மோகன் காமேஸ்வரன் போன்றவர்கள் இந்தச் சிகிச்சையை இங்கே வேரூன்றச் செய்தார்கள். ஆனால் திட்டம் ஆறு வயது வரை இருக்கிறது என்பதற்காக ஐந்தரை வயதில் கொண்டுவருவது, கருவி தரும் பலனில் பெரும்பகுதியை வாசலிலேயே விட்டுவிட்டு வருவதாகும். கருவியைப் பொருத்திய அன்றே குழந்தை பேசிவிடாது. ஒலியைப் பிரித்தறியவும், பெயரைக் கேட்டுத் திரும்பவும், சொல்லைத் திருப்பிச் சொல்லவும் ஓராண்டுக்குக் குறையாமல் பயிற்சி வேண்டும். வெகு தூரத்துக் கிராமத்திலிருந்து வாரம் தோறும் பேருந்து ஏறி வரும் அம்மாக்களுக்குப் போக்குவரத்துப் படியும், கருவி பழுதானால் உதிரிபாகமும் உறுதியாகக் கிடைக்க வேண்டும். அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கையை அறிவிக்கும்போது, எந்த வயதில் செய்யப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் சாதாரணப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதையும் அரசு சேர்த்து வெளியிட வேண்டும். திட்டத்தை மேம்படுத்த அதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

குழந்தைகளின் கேள்விக் குறைபாட்டில் சுமார் 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்ப காலத்து ரூபெல்லா அவற்றில் ஒன்று. 2017 பிப்ரவரியில் மீசல்ஸ் ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கிய முதல் சில மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. அப்போது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளையும் மீறித் தங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்ட பெற்றோரின் பேரப்பிள்ளைகள் பயன்பெறுவார்கள். தாய்மாமனைக் கட்டுவது, அத்தை மகனைக் கட்டுவது இன்னொரு காரணம். இரு வழியிலும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை குழந்தையிடம் ஒன்றுசேர்கிறது. ஒரு பிள்ளை காது கேளாமல் பிறந்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை கட்டாயம் கிடைக்க வேண்டும். வாயைத் திறந்தபடி தூங்கும், குறட்டை விடும் பள்ளிக் குழந்தைகளையும் இங்கே சொல்ல வேண்டும். மூக்கின் பின்னால் அடினாய்டு வீங்கி, நடுக்காதில் பசைபோல நீர் தேங்கி, பாதிக் கேள்வியோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைக்கு ‘கவனம் போதாது’ என்று பெயர்.

விசைத்தறிக் கூடங்களில் இருபது வருடம் நின்றவர்களின் காதுகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று தொழிற்சாலை விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் வீட்டோடு சேர்ந்த சிறு தறிக்கூடத்துக்கு எந்த ஆய்வாளரும் வருவதில்லை. இரைச்சலால் போன கேள்வி மருந்தால் திரும்பாது என்பதால், ஆண்டுக்கொரு ஆடியோகிராம் எடுத்து முன்கூட்டியே கண்டுபிடிப்பதும் காதுக் கவசம் தருவதுமே அவர்களுக்கு நாம் செய்யக்கூடியவை.

இனி தொண்டை. மனிதர் ஒருவரின் குரல் நாண்களை அவர் உயிரோடு பேசும்போதே முதலில் தெளிவாகப் பார்த்து எழுதியவர் மருத்துவர் அல்லர். மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர். 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைச் சூடாக்கித் தன் தொண்டைக்குள் வைத்து, சூரிய ஒளியை அதில் விழச் செய்து, தன் குரல் நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அது வாசிக்கப்பட்டது. அதே கண்ணாடிதான் இன்றும் எங்கள் மேசையில் இருக்கிறது. நாக்கைத் துணியால் பிடித்து, சூடாக்கிய கண்ணாடியை அண்ணாக்கில் வைத்து ‘ஈ...’ என்று சொல்லச் சொன்னால் இரண்டு வெண்ணிற நாண்கள் நடுவில் வந்து சேர்வது தெரியும். குமட்டல் அதிகமுள்ளவர்களுக்கு மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்.

குரல் கம்மினால் பனங்கற்கண்டும் மிளகும் சுக்குக் கஷாயமும் நம் முதல் மருந்து. சளியால் வந்த கம்மல் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும், கஷாயம் இதமாகவும் இருக்கும். மூன்று வாரம் தாண்டியும் குரல் தெளியவில்லை என்றால் கஷாயத்தை நிறுத்திவிட்டுக் குரல் நாணைப் பார்த்தே ஆக வேண்டும். ஆசிரியர்களுக்கும் காய்கறி விற்பவர்களுக்கும் கத்திக் கத்தி நாணில் முடிச்சு விழுந்திருக்கலாம். காசநோயாக இருக்கலாம். இடது குரல் நாணின் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மேலே வருவதால், நுரையீரலில் உள்ள கட்டிகூட முதலில் குரலில் தெரியவரலாம். பீடி, சிகரெட் பழக்கமுள்ளவருக்கு நாணிலேயே புற்றுநோய் இருக்கலாம். தொண்டைப் புற்றின் விசேஷம் இதுதான்: நாணில் கடுகளவு வளர்ந்தாலே குரல் மாறிவிடும். உடம்பு இவ்வளவு சீக்கிரம் எச்சரிக்கும் புற்றுநோய் அபூர்வம். அந்த நிலையில் கண்டால் கதிர்வீச்சு மட்டுமே போதும்; பத்தில் எட்டு ஒன்பது பேர் குரலோடு பிழைத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் மாத்திரையும் இருமல் டானிக்கும் குடித்துவிட்டு மூச்சுத்திணறலோடு வருபவருக்குப் பெரும்பாலும் குரல்வளையையே எடுத்துவிட்டு, கழுத்தில் துளை வழியே மூச்சுவிட வைக்க வேண்டியிருக்கும்.

கழுத்துக் கட்டியில் தவறு வேறு விதமாக நடக்கிறது. இங்கே பார்க்காமல் மருந்து கொடுப்பதோடு, பார்க்காமல் கத்தி வைப்பதும் சேர்ந்துகொள்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவரின் கழுத்தில் வலியில்லாத கட்டி ஒன்று மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால், அதன் மூலம் நாக்கின் அடியிலோ, டான்சிலிலோ, மூக்கின் பின்புறத்திலோ, தைராய்டிலோ இருக்கலாம். அவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, மெல்லிய ஊசியால் செல் எடுத்துச் சோதிப்பது முறை. எடுத்த எடுப்பில் கட்டியை அறுத்து எடுத்துவிட்டால், புற்றுநோயாக இருக்கும் பட்சத்தில் பின்னால் செய்ய வேண்டிய முறையான அறுவை சிகிச்சை சிக்கலாகும். அந்தக் காலத்தில் கண்டமாலை என்று பயந்த காசநோய்க் கட்டியாக இருந்தால், கத்தியே வேண்டாம். ஆறு மாத மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம்.

சீக்கிரம் பார்ப்பதன் பலனைத் தமிழ்நாடு 2021இல் கண்ணால் கண்டது. கரோனாவிலிருந்து மீண்ட சர்க்கரை நோயாளிகளுக்குக் கறுப்புப் பூஞ்சை வந்தபோது, கன்னம் மரத்தது, மூக்கிலிருந்து கறுப்பாக வந்தது என்று சொன்ன அன்றே மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்து, அழுகிய திசுவை அகற்றியவர்களில் பலருக்குக் கண் தப்பியது. நாள் கடத்தி வந்தவர்களில் பலர் கண்ணை இழந்தார்கள், உயிரையும் இழந்தார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் முன்னால் காய்ச்சலும் பிரசவமும் நாய்க்கடியுமாக நீண்ட வரிசை நிற்கும்போது காதுக்குள் பார்க்க ஏது நேரம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பார்க்காமல் கொடுத்த மருந்து நோயாளியை அதே வரிசைக்கு நான்கு முறை திரும்ப அனுப்புகிறது. பார்க்க ஆகும் ஒரு நிமிடம் அந்த நான்கு வருகைகளையும் மிச்சப்படுத்தும். தேசிய காதுகேளாமைத் தடுப்புத் திட்டத்தின் நோக்கமே கீழ்மட்ட மருத்துவர்களுக்குப் பயிற்சியும் அடிப்படைக் கருவிகளும் தருவதுதான். வாங்கிய ஓட்டோஸ்கோப்புக்கு பல்பும் பேட்டரியும் மாற்றும் பொறுப்பு யாருடையது என்று எழுதிவைக்காவிட்டால் அது அலமாரியிலேயே இருக்கும். மருந்துக் கையிருப்பைச் சரிபார்ப்பதுபோல மாதம் ஒருமுறை அது எரிகிறதா என்றும் சரிபார்க்க வேண்டும். பிரசவம் பார்க்கும் எல்லா மருத்துவமனைகளிலும், தனியார் உட்பட, கேள்விச் சோதனை முடிவைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் எழுதாமல் டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள், குரல் மூன்று வாரமாகக் கம்மியிருக்கிறதா, வாயில் ஆறாத புண் உண்டா, கழுத்தில் கட்டி தென்படுகிறதா என்று சேர்த்துக் கேட்கலாம். இதற்குப் புதிய பணியிடம் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், வருங்கால மருத்துவர்களின் கை பழக வேண்டும். ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில் எங்கள் துறைக்குக் கிடைப்பது இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்திலும் பலர் வார்டு வேலைக்கும் சீட்டு எழுதுவதற்கும் போய்விடுகிறார்கள். நூறு செவிப்பறைகளைப் பார்த்து, கண்டதை வரைந்து, துறை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி வையுங்கள். ட்யூனிங் ஃபோர்க் சோதனையையும் குரல் நாண் பார்ப்பதையும் அதே பதிவேட்டில் சேருங்கள். அந்தப் பதிவேடு நிறையாமல் பயிற்சி முடித்த சான்றிதழ் யாருக்கும் தரப்படக் கூடாது.